துணிவும் மூவிடமும்: திருநம்பி ஒருவரின் மருந்துத் தேர்வு குறித்த அறவியல் நோக்கு

தமிழ் இலக்கண மரபில் பால் காட்டும் பொறுப்பு படர்க்கைக்கு மட்டுமே உரியது. 'வந்தேன்' என்பவர் ஆணா பெண்ணா என்பதை அவ்வினைமுற்றுக் காட்டாது. 'வந்தாய்' என எதிர்நின்று சொல்பவரின் சொல்லும் காட்டாது. 'வந்தான்', 'வந்தாள்' என ஒருவரைப் பற்றி மற்றொருவர் பேசும்போதே பால் வெளிப்படுகிறது. தன்மையும் முன்னிலையும் பாற்பொதுவாக நிற்க, படர்க்கை மட்டும் பால் பகுத்து நிற்கும் இந்நிலை இலக்கணம் பயிலத் தொடங்கும் மாணவரும் அறிந்த செய்தியே. ஆயினும், பாலினம் தொடர்பான ஓர் அறவியல் வினாவை ஆராய்வதற்கும் இம்மூவிடப் பாகுபாடு பயன்படும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

அவ்வினா பின்வருமாறு: பிறப்புப் பதிவேட்டில் பெண் எனக் குறிக்கப்பட்டுத் தம்மை ஆண் என உணரும் ஒருவர், அதாவது திருநம்பி ஒருவர், டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோனை மருந்தாக ஏற்கத் தொடங்குவதா, வேண்டாவா என்பதை எவ்வாறு எண்ணித் தெளிவது? மருந்தின் பயன்களையும் தீங்குகளையும் மருத்துவம் எடுத்துரைக்கும். அது சொல்லி முடித்த பின்னரும் எஞ்சி நிற்கும் பகுதியே ஈண்டு ஆராயப்படுகிறது.

ஆய்விதழ்களில் எழுதுபவர் தம்மை 'இக்கட்டுரையாளர்' எனப் படர்க்கையில் சுட்டிக்கொள்வது வழக்கம். ஆண், பெண் காட்டாத அந்த 'ஆர்' ஈறு பல்லாண்டுகள் எனக்கு நல்ல ஒதுங்கிடமாக இருந்தது. இக்கட்டுரையில் அதனை விடுத்துத் தன்மையில் எழுதுகிறேன். எண்ணிப் பார்க்கப்படும் துணிவு என்னுடையது என்பதே காரணம். ஈரோட்டுப் பக்கம் பிறந்து, வட இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் தமிழ் கற்பித்து வரும் எனக்கு இப்போது அகவை முப்பத்தாறு.

அவாவும் பாலும்

தொல்காப்பியக் கிளவியாக்கம் ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயர்களுக்குத் தனி ஈறு இல்லை என்றும், உயர்திணைப் பால் ஈறுகளையே அவை ஏற்கும் என்றும் கூறுகிறது. நூற்பாவின் சொற்கள் வெளிப்படையாகச் சுட்டுவது ஒரு திசையை மட்டுமே. ஆண்மையிலிருந்து நீங்கிய நிலை பேசப்படுகிறது. எதிர்த்திசை நூற்பாவில் இடம்பெறவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தியார் இயற்றிய நன்னூல் இரு திசைகளையும் கூறுகிறது. பெண்மையை விட்டு ஆண்மையை அவாவுவோர் ஆண்பால் எனவும், ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுவோர் பெண்பால் எனவும் பெயரியல் நூற்பா வகுக்கிறது.

இங்கு நோக்கத்தக்கது 'அவாவுதல்' என்னும் சொல். உறுப்பு, தோற்றம், குரல், உடை என எதனையும் பவணந்தியார் அளவுகோலாகக் கொள்ளவில்லை. எதனை ஒருவர் விட்டார், எதனை விழைகிறார் என்பதே அவர் கண்ட அளவுகோல். இதனைக் கொண்டு நன்னூலார் இக்கால உரிமைக் கருத்துகளை முன்னரே உரைத்துவிட்டார் என முழங்குவது ஆய்வு ஆகாது. அதே நூற்பா, இவ்விரு சாராரும் அஃறிணை போலவும் கொள்ளப்படுவர் என முடிகிறது. உயர்திணையில் இடமளித்த கை, அடுத்த தொடரிலேயே வெளியேறும் வாயிலையும் திறந்து வைக்கிறது. மேடைகளில் முற்பகுதியை மட்டும் எடுத்தாள்வோர் பிற்பகுதியையும் சேர்த்துப் படித்தல் நலம்.

எனினும் முற்பகுதியின் தருக்கம் ஒரு சிக்கலை எழுப்புகிறது. விழைவே பாலைத் தீர்மானிக்கும் எனின் மருந்து எதற்கு? இந்திய உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று வழங்கிய தீர்ப்பும் ஏறத்தாழ இதே இடத்தில் நின்றது. தம் பாலினத்தைத் தாமே உணர்ந்து அறிவிக்கும் உரிமையை அது ஏற்றது. அறுவை மருத்துவம் செய்துகொண்டாலன்றி ஏற்க மாட்டோம் என வற்புறுத்துவது முறையற்றது, சட்டத்துக்குப் புறம்பானது என்றது. 2019இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமும் திருநர் என்பதற்கு வரையறை தந்தபோது, அறுவையோ ஹார்மோன் மருத்துவமோ பெற்றிருத்தல் கட்டாயம் எனக் கூறவில்லை. ஆனால் ஆண் அல்லது பெண் என்னும் திருத்திய சான்றிதழுக்கு அறுவை மருத்துவத்தை அது நிபந்தனையாக்கியது. இம்முரண்பாடு சட்ட அறிஞர்களால் போதிய அளவு பேசப்பட்டுள்ளது. எனக்கு வேண்டிய செய்தி ஒன்றே. நான் ஆண் என்பதற்குச் சான்றாக இம்மருந்தை நாடவில்லை; அது அளிக்கும் சான்று எதுவும் இல்லை. அப்படியாயின் எதற்காக நாடுகிறேன் என்பதை வேறு எங்கேனும் தேடியாக வேண்டும்.

மருந்து செய்வது

1935இல் செயற்கையாக உருவாக்கப்பட்ட டெஸ்டோஸ்டிரோன், அதனை உருவாக்கிய பூட்டெனான்ட், ருசிக்கா ஆகிய இருவருக்கும் 1939ஆம் ஆண்டின் வேதியியல் நோபெல் பரிசுக்குக் காரணமான பணிகளுள் ஒன்று. திருநம்பியர் இதனைப் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊசியாக ஏற்பர். நாள்தோறும் தோலில் பூசும் களிம்பு வடிவமும் உண்டு. தொடங்கிய சில மாதங்களில் தோலில் எண்ணெய்ப் பசை மிகும், பரு தோன்றும், மாதவிடாய் நிற்கும். தசையும் கொழுப்பும் உடலில் இடம் மாறி அமையும். இவை பெரும்பாலும் மருந்தை நிறுத்தினால் திரும்பக்கூடியவை. குரல்நாண்கள் தடிப்பதால் குரல் தாழும். முகத்தில் மயிர் அரும்பும். பிறப்புறுப்பில் வளர்ச்சி ஏற்படும். இவை மருந்தை நிறுத்தினாலும் திரும்பா. குடும்பத்தில் வழுக்கை இருப்பின் அதுவும் வந்து சேரும். (என் தாய்மாமன்மார் மூவருக்கும் தலையில் மயிர் இல்லை என்பதை இக்கணக்கில் சேர்த்துள்ளேன்.) குருதியில் சிவப்பணுக்களின் விகிதம் உயர்ந்து உறைகட்டி தோன்றும் அபாயம் இருப்பதால், முதலாண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை குருதிப் பரிசோதனை வேண்டும். கருவுறும் ஆற்றலை மருந்து எந்த அளவுக்குக் குறைக்கும் என்பதை முன்கூட்டி உறுதியாகக் கூற இயலாது. மாதவிடாய் நின்ற நிலையிலும் கருவுறுதல் நிகழக்கூடும். எனவே கருமுட்டையைச் சேமித்து வைப்பது பற்றித் தொடங்கும் முன்னரே முடிவு செய்யுமாறு மருத்துவர்கள் அறிவுறுத்துவர்.

இப்பட்டியலில் எனக்கு மிக அருகில் நிற்பது குரல். செய்யுளை ஓசையுடன் படித்துக் காட்டாமல் யாப்பைக் கற்பிக்க முடியாது. வெண்பாவின் செப்பலோசையையும் ஆசிரியப்பாவின் அகவலோசையையும் தமிழறியாச் சூழலில் வளர்ந்த மாணவர்களுக்கு வேறுபடுத்திக் காட்டப் பத்தாண்டுகளாகப் பழகிய கருவி இக்குரல். அதனைக் கொடுத்துவிட்டு எவ்வகைக் குரலைப் பெறுவேன் என்பதை எவராலும் முன்னறிந்து சொல்ல இயலாது.

கணக்கும் கணக்கரும்

திருக்குறளின் தெரிந்துசெயல்வகை அதிகாரம் பொருட்பாலில் அரசனை நோக்கி அமைந்தது. எனினும் துணிவு பற்றிய தமிழ்ச் சிந்தனையின் நடுவிடம் அதுவே. ஒரு செயலால் அழிவது எது, உண்டாவது எது, உண்டானது பின்னர்த் தரும் ஊதியம் எது என மூன்றையும் எண்ணிப் பார்க்குமாறு அதன் முதற்குறள் கூறுகிறது. இது வணிகன் பேரேட்டை ஒத்த முறை. மூன்றாம் இனத்தைத் தனியே பிரித்து வைத்ததில் வள்ளுவரின் நுட்பம் விளங்குகிறது. உடனே கைக்கு வருவது வேறு, அது காலப்போக்கில் ஈன்று தருவது வேறு.

இப்பேரேட்டில் என் கணக்கை எழுத முயன்றபோது ஓர் இடர்ப்பாடு தோன்றியது. அமெரிக்க மெய்யியலாளர் எல்.ஏ. பவுல், உருமாற்றும் அனுபவம் பற்றி 2014இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார். சில அனுபவங்கள் இருவகையில் ஒருவரை மாற்றுகின்றன என்பது அவர் வாதம். ஒன்று, அவ்வனுபவம் எத்தகையது என்பதை அதனை அடைந்த பின்னரே அறிய முடியும். மற்றொன்று, அடைந்த பின்னர் அவருடைய விருப்பங்களே மாறியிருக்கும். குருதி குடிக்கும் பேயாக மாறும் வாய்ப்பு ஒருவருக்குக் கிடைப்பதாகக் கற்பனை செய்து, பேயான பின் பேய் வாழ்வே இனிது எனத் தோன்றும் எனின், மாறுவதற்கு முன் அதனை எந்த அளவுகோலால் அளப்பது என அவர் வினவுகிறார். வள்ளுவர் பேரேடு, கணக்கைத் தொடங்குபவரும் முடிப்பவரும் ஒருவரே என்னும் எடுகோளில் இயங்குவது. இங்கோ, வரவை எழுதுபவர் ஒருவர், ஊதியத்தைத் துய்ப்பவர் மற்றொருவர் என்று ஆகிவிடுகிறது.

இவ்வாதத்தை முதலில் படித்தபோது அது எனக்கு வலிமையுடையதாகவே தோன்றியது. இப்போது அதன் இரு பகுதிகளில் ஐயம் கொள்கிறேன்.

முதலாவது, மாறிய பின் இருப்பவர் வேறொருவர் என்னும் பகுதி. பாலி விநய பிடகம் இதனை ஒத்த ஒரு நிகழ்வை நேரிடையாகவே எதிர்கொண்டுள்ளது. துறவி ஒருவரிடம் பெண்ணுக்குரிய உடற்குறி தோன்றியது. துறவினி ஒருவரிடம் ஆணுக்குரியது தோன்றியது. அவர்களைச் சங்கத்திலிருந்து நீக்குவதா என்னும் வினா எழுந்தபோது, அவர்கள் எதிர்ச்சங்கத்துக்கு மாறுவது ஏற்கப்பட்டது. அதே ஆசான், அதே துறவேற்பு, அதே மழைக்கால ஆண்டுக் கணக்கு அவர்களைப் பின்தொடரும் என விதிக்கப்பட்டது. இரு சங்கத்துக்கும் பொதுவான குற்றங்கள் புதிய சங்கத்தின் முன் தீர்க்கப்பட வேண்டும். பழைய சங்கத்துக்கு மட்டுமே உரிய குற்றங்கள் கழியும். உடலில் நேர்ந்த மாற்றம் ஒருவருடைய ஆண்டுகளை அழிப்பதில்லை என்னும் தெளிவும், கடன்களுள் எவை தொடரும், எவை தொடரா என்னும் நுண்மையும் இவ்விதியில் ஒருங்கே அமைந்துள்ளன.

இதனை ஏட்டளவிலான செய்தியாக நான் கருதவில்லை. கொங்குப் பகுதித் திருமணங்களில் மணமகனின் உடன்பிறந்தாள் செய்யும் இணைச்சீர் என்னும் சடங்கு உண்டு. என் தம்பியின் திருமணத்தில் அச்சீரைச் செய்தவன் நான். இன்று அவன் மகள் என்னை அத்தை என்கிறாள். நாளை அவள் என்னைப் பெரியப்பா என அழைப்பாளாயின், மாறுவது ஒரு விளிச்சொல் மட்டும் அன்று. தமிழ் உறவுமுறையில் அத்தை வீடு கொள்வினை கொடுப்பினைக்கு உரியது. பெரியப்பா வீடு பங்காளி வீடு. உறவுக் கட்டமைப்பில் நான் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் செல்கிறேன். அப்படியாயின் அன்று செய்த இணைச்சீர் செல்லாததாகிவிடுமா? விநய விதியின் வழியே நோக்கின், ஆகாது. செய்தபோது அது முறையாகச் செய்யப்பட்டது. அவ்வாண்டு என் கணக்கிலேயே நிற்கிறது. இருந்த பெண் ஒருத்தி இறந்து புதிய ஆண் ஒருவன் பிறப்பதாகக் கூறும் உருவகம் மருத்துவ உரைகளிலும் தன்வரலாறுகளிலும் அடிக்கடி வருவது. அவ்வுருவகத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. அது தாய்க்கு ஒரு சாவை அறிவிக்கிறது. மகனுக்குக் கடந்த காலமில்லாத ஒரு வாழ்வை விதிக்கிறது.

இரண்டாவது, மாற்றம் ஒரே கடியில் நிகழ்வது என்னும் பகுதி. பேய்க்கதையில் கடி ஒன்றே. அதற்கு முன் மனிதன், பின் பேய். டெஸ்டோஸ்டிரோன் அவ்வாறு இயங்குவதில்லை. குறைந்த அளவில் தொடங்கலாம், அளவை மாற்றலாம், நிறுத்தலாம். ஒவ்வொரு மூன்று வாரத்துக்கும் ஊசி போடுபவர் முன் கையை நீட்டும்போது, அத்துணிவு மீண்டும் ஒருமுறை எடுக்கப்படுகிறது. ஓராண்டில் ஏறத்தாழப் பதினேழு முறை. முதல் முறை துணிபவருக்கு இல்லாத அறிவு ஐந்தாம் முறை துணிபவருக்கு இருக்கும். ஆகவே, அறியாத ஒன்றை முழுமையாக அறிந்தாற்போல் தேர்வு செய்ய வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை. ஆயினும் இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. திரும்பக்கூடிய மாற்றத்துக்கும் திரும்பா மாற்றத்துக்கும் இடையே வேலி எதுவும் நடப்பட்டிருக்காது. குரல் எந்த நாளில் எல்லையைக் கடந்தது என்பதைக் கடந்த பின்னரே உணர்வோம். பதினேழு துணிவுகளுள் ஏதோ ஒன்று மற்றவற்றினும் கனமானது. அது எது என்பது அந்நாளில் தெரியாது.

மனநல மருத்துவச் சான்று கேட்கும் முறை இவ்விடத்தில் ஒரு தீங்கைச் செய்கிறது. சான்று பெறச் செல்பவர், நினைவு தெரிந்த நாள் முதல் ஐயமின்றி இருந்ததாகக் கதை சொல்ல வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு நிலவுகிறது. ஐயத்தை வெளியிட்டால் தகுதியின்மை எனக் கொள்ளப்படுமோ என்னும் அச்சத்தால், எண்ணிப் பார்ப்பதற்கென அமைந்த அறையிலேயே எண்ணிப் பார்த்தல் இயலாமற் போகிறது. நான் சந்தித்த முதல் மருத்துவர் சிறுவயதில் எந்த விளையாட்டு விளையாடினேன் என வினவினார். பல்லாங்குழி என்பது உண்மையான விடை. அதனைச் சொல்லலாமா என ஒரு நொடி தயங்கினேன் என்பதே அம்முறையின் குறைபாட்டைக் காட்டப் போதுமானது. உலகத் திருநர் நலத் தொழில்முறைக் கழகம் 2022இல் வெளியிட்ட எட்டாம் பதிப்பு நெறிமுறைகள் வயதுவந்தோர்க்கு ஒரு வல்லுநரின் மதிப்பீடே போதும் என இதனைத் தளர்த்தியுள்ளன. ஆனால் கதை கேட்கும் பழக்கம் நெறிமுறையைவிட மெதுவாகவே மாறும்.

எண்ணிப் பாராமல் இருப்பதற்கும் எண்ணிக்கொண்டே இருப்பதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டையும் அதே அதிகாரம் உணர்ந்திருக்கிறது. செய்யத்தகாததைச் செய்வதால் மட்டுமன்றிச் செய்யத்தக்கதைச் செய்யாமையாலும் கேடு வரும் என வள்ளுவர் கூறுவது, காத்திருத்தல் நடுநிலை அன்று என்னும் கருத்தைத் தருகிறது. திரும்பா மாற்றம் எனின் அஞ்சும் சமூகம், இருபத்திரண்டு வயதுப் பெண்ணைத் தாயாக்குவதைத் திரும்பா மாற்றமாகக் கருதி யாரிடமும் சான்று கேட்பதில்லை. மருந்து ஏற்காமலே முப்பத்தாறு ஆண்டுகள் என் உடல் மாறிக்கொண்டுதான் வந்திருக்கிறது. அம்மாற்றங்களுள் எதற்கும் என் இசைவு கேட்கப்படவில்லை.

படர்க்கையின் பொருட்டு

பாலைக் காட்டுவது படர்க்கை எனின், உடல் மாற்றம் நாடுவது படர்க்கையில் தன்னை 'அவன்' எனச் சொல்லவைக்கும் முயற்சிதானா? இது எளிதில் ஒதுக்கத்தக்க வினா அன்று. பேருந்தில், வங்கியில், ஆசிரியர் அறையில் பிறர் வாயிலிருந்து தானாக வரும் 'அவன்' எத்தகைய ஓய்வைத் தரும் என்பதை நான் அறிவேன். ஆனால் படர்க்கையின் பொருட்டு மட்டுமே ஏற்கும் மாற்றத்தின் இயல்பை வியாச பாரதத்துச் சிகண்டி வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

உத்தியோக பருவத்தில் பீஷ்மர் கூறும் அம்பையின் கதையில், துருபதனின் மகளாகப் பிறந்த சிகண்டி மகனாக வளர்க்கப்பட்டுத் தசார்ண நாட்டு அரசன் மகளை மணக்கிறாள். உண்மை வெளிப்பட்டபோது மாமன் படையெடுக்கிறான். தன்னால் தந்தைக்கு நேர்ந்த இடருக்கு வருந்திக் காட்டுக்குச் சென்று உயிர்விடத் துணிந்த சிகண்டிக்குத் தூணன் என்னும் இயக்கன் தன் ஆண்மையைக் குறித்த காலத்துக்குக் கடனாகத் தருகிறான். மாமன் அனுப்பிய மகளிர் சோதித்து உறுதி செய்கின்றனர், போர் நீங்குகிறது. சிகண்டி சொன்ன சொல் தவறாமல் கடனைத் திருப்பித் தரச் செல்லும்போது, இடையில் குபேரனின் சாபத்தால், சிகண்டி இறக்கும்வரை அம்மாற்றம் நிலைக்குமாறு ஆகியிருக்கிறது.

இக்கதையைப் பால்மாற்றத்தின் வெற்றிக் கதையாகப் படிப்பவர் உண்டு. எனக்கு அது வேறு வகையில் தோன்றுகிறது. சிகண்டி என்ன விழைந்தான் என்பதைக் கதை கேட்கவே இல்லை. மாற்றத்தின் தேவை படையெடுப்பிலிருந்து வந்தது. அதன் சான்று சோதனை மகளிரிடமிருந்து வந்தது. அதன் நிலைபேறு குபேரனின் சினத்திலிருந்து வந்தது. மூன்றும் படர்க்கை. திருப்பித் தரலாம் எனக் கருதி ஏற்றது திரும்பாததாக மாறியதும் அவன் செயலால் அன்று. எல்லாம் முடிந்து களத்தில் நின்றபோது பீஷ்மர் என்ன செய்தார்? முன்பு பெண்ணாக இருந்தவர் மீது அம்பு எய்யேன் என வில்லைத் தாழ்த்தினார். உடல் முழுமையாக மாறிய பின்னரும் பீஷ்மரின் படர்க்கை மாறவில்லை. பழையதை அறிந்தவருடைய நினைவை எந்த மருந்தும் தொடாது. பிறர் வாயில் 'அவன்' என்னும் சொல்லைப் பெறுவதற்கென்றே மருந்தை ஏற்பவர், அதனைத் தர மறுக்கும் உரிமையையும் பிறர் கையிலேயே விட்டுவைக்கிறார்.

மைக்கேல் டில்லன் என்னும் ஆங்கிலேயர் வரலாறும் இங்கு நினைக்கத்தக்கது. 1915இல் பிறந்து 1939இல் டெஸ்டோஸ்டிரோன் ஏற்கத் தொடங்கிய இவர், அறியப்பட்ட அளவில் இவ்வழியில் சென்ற முதல் திருநம்பியருள் ஒருவர், பின்னர் மருத்துவரானவர். 1946இல் 'தான்' எனப் பொருள்படும் தலைப்பில், அறவியலும் ஹார்மோனியலும் பற்றிய ஆய்வு என்னும் துணைத்தலைப்புடன் ஒரு நூல் எழுதினார். மனத்தை உடலுக்கு ஏற்பத் திருத்த இயலாதபோது, உடலை மனத்துக்கு ஏற்ப இயன்றவரை அமைப்பதே முறை என்பது அதன் சாரம். வியப்புக்குரியது என்னவெனில், 'தான்' என்னும் தலைப்புடைய அந்நூலில் அவர் தம்மைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. முழுவதும் படர்க்கை நடை. 1958இல் உயர்குடிப் பெயர்ப் பதிவேடுகள் இரண்டுக்கிடையே இருந்த வேறுபாட்டால் செய்தி நாளிதழ்களுக்கு எட்டியபோது அவர் இந்தியாவுக்கு வந்தார். சாரநாத்திலும் பின்னர் லடாக்கின் மடம் ஒன்றிலும் பௌத்தத் துறவு வாழ்வை மேற்கொண்டார். நிறைதுறவு அவருக்குக் கிட்டவில்லை. 1962இல் டல்ஹௌசியில் காலமானார். துறவியின் ஆண்டுகளை உடன் அனுப்பிய அதே விநய மரபின் பிற்காலக் காவலர்கள், இவரிடம் பழைய பீஷ்மர்களாகவே நடந்துகொண்டனர் எனலாம். டில்லனின் தன்வரலாறு அவர் இறந்து அரை நூற்றாண்டு கடந்த பின்னரே அச்சேறியது. தன்மையில் அவர் பேச எத்தனை காலம் பிடித்தது என்பது எண்ணத்தக்கது.

தன்மையும் முன்னிலையும்

படர்க்கை அடித்தளமாகாது எனின், தன்மையை மட்டும் கொண்டு சோதிக்கலாமே என்று தோன்றும். எவரும் காணாத தீவில் தனித்து வாழ நேர்ந்தாலும் இம்மருந்தை விழைவேனா? பலர் தமக்குத் தாமே வைத்துக்கொள்ளும் தேர்வு இது. நானும் வைத்துப் பார்த்தேன். மாதவிடாய் நிற்பதைத் தீவிலும் விழைவேன். தோளின் அமைப்பு மாறுவதையும் விழைவேன். இவ்வளவில் விடை தெளிவு. குரலுக்கு வரும்போது தேர்வே பொருளிழக்கிறது. கேட்பவர் இல்லாத இடத்தில் ஒருவருக்குக் குரல் எதற்கு? தீவில் எவரும் வெண்பா கற்பிப்பதில்லை. குரலை விழைதல் என்பதே கேட்பவர் ஒருவரை உடன் விழைதல். ஆகவே தனிமைத் தேர்வில் தேறாத விழைவெல்லாம் போலி என்னும் முடிவு பிழையானது.

இவ்விடத்தில்தான் முன்னிலை தேவைப்படுகிறது. பீஷ்மரும் சோதனை மகளிரும் படர்க்கையர். என்னைப் பற்றிப் பேசுவோர். தாயும் தம்பி மகளும் மாணவரும் முன்னிலையர், என்னிடம் பேசுவோர். முன்னவர் தீர்ப்புக்கு நான் கடமைப்பட்டவன் அல்லன். பின்னவருக்குக் கடமைப்பட்டுள்ளேன், அக்கடமையின் எல்லை எது என்பதே வினா.

பால் வழுவமைதிக்குப் பள்ளி இலக்கண நூல்கள் தரும் எடுத்துக்காட்டு, தாய் தன் மகளை உவகை மிகுதியால் 'ராசா' என ஆண்பாலில் விளிப்பது. உவப்பு, உயர்வு, சிறப்பு, சினம், இழிப்பு ஆகியவற்றால் பாலும் திணையும் மயங்குதல் இயல்பே என்பது நன்னூல் விதி. என் தாயும் என்னை அவ்வாறு அழைத்ததுண்டு. சிறுவயதில் அவ்வழுவமைதி எனக்கு ஏன் அத்துணை இனித்தது என்பதற்கு விளக்கம் தேவையில்லை. ஆனால் வழுவமைதி என்பது வழுவை மன்னித்தல்; உவகை உள்ளவரை மட்டும் செல்லும். சினம் வந்தால் 'ஏம்புள்ள' என்பார். நான் நாடுவது அதே சொல் வழாநிலையாக வழங்கப்படுவதை. உவகையில்லா நாளிலும், கடைக்குப் போய்வரச் சொல்லும்போதும் அச்சொல் நிற்க வேண்டும்.

மருந்து பற்றிக் கூறியபோது தாய் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் கேட்டது ஒரே வினா: "கொரலு மாறிப்போச்சுன்னா, போன்ல நீதான்னு நா எப்புடிச் சாமி கண்டுபுடிக்கறது?" மெய்யியலாளர் பவுல் எழுப்பிய வினாவைவிட இது கடினமானது என்பது என் மதிப்பீடு. இரண்டாயிரம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள மகனிடம் அவருக்கு நாள்தோறும் கிடைப்பது குரல் ஒன்றே. அதன்மேல் அவருக்கு உரிமை இல்லை என எளிதில் கூறிவிட என்னால் இயலாது. அதே நேரத்தில், தன் மகவின் தொண்டை இன்ன அளவில்தான் இருக்க வேண்டும் என்னும் உரிமை எத்தாய்க்கும் உண்டு எனக் கூறவும் இயலாது. மகன்களின் குரல் பதினான்கு வயதில் உடைவதைத் தாய்மார் தடுப்பதில்லை. அடையாளம் தவறுவதும் இல்லை. நாள்தோறும் உடனிருந்து கேட்பதால் அவர்களுக்கு மாற்றம் பிரிவாகத் தோன்றுவதில்லை. எனவே தாய்க்கு நான் தர வேண்டிய கடன் பழைய குரல் அன்று. குரல் மாறும் நாள்களில் உடனிருத்தல். வாரம் ஒருமுறை என்றிருந்த தொலைபேசிப் பேச்சை நாள்தோறும் என மாற்றியது இதனாலேதான். ஊசி மூன்று வாரத்துக்கு ஒன்று. பேச்சு நாளுக்கு ஒன்று. இந்த விகிதத்தில் அவர் கேட்கும் குரல் ஒருநாளும் அயலார் குரலாக இராது என்பது என் கணிப்பு. 'சாமி' என்னும் விளி கொங்கு வழக்கில் இருபாலுக்கும் பொது என்பது இதற்கிடையே அவருக்கும் எனக்கும் பெரிய உதவி.

மாணவர்க்குத் தர வேண்டியது இதனினும் எளிது. செப்பலோசை குரலின் தடிப்பைச் சார்ந்தது அன்று, தளையைச் சார்ந்தது. இதனைப் பல்லாண்டுகள் கற்பித்தவன் தானே மறந்து அஞ்சியது வேடிக்கை.

குருதிப் பரிசோதனைகள் முடிந்துள்ளன. பருவத் தேர்வு விடைத்தாள்களைத் திருத்தி ஒப்படைத்த பின் குறைந்த அளவில் முதல் ஊசி என மருத்துவருடன் முடிவு செய்துள்ளேன். கருமுட்டை சேமிப்புக் குறித்த வினா மட்டும் இன்னும் தீரவில்லை. அங்குக் கருதப்பட வேண்டிய முன்னிலையர் இன்னும் பிறவாதவர். மேலே கையாண்ட மூவிடப் பாகுபாட்டில் அவரை எங்கு வைப்பது என்பதை இனித்தான் ஆராய வேண்டும். மருத்துவர் அதற்கு ஆறு வாரம் தந்திருக்கிறார்.